எந்த ஊரில் நடத்துவது? இளையோர் சர்வதேச ஹாக்கிப் போட்டிக்கு நகரம் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

சர்வதேச அளவில் ஒரு இளையோர் ஹாக்கிப் போட்டி நடத்தலாம் என்று சங்கத்தில் முடிவானதும், முதலில் எழும் பேச்சு "எந்த ஊர்?" என்பதுதான். அங்கேயே வரிசை தவறிவிடுகிறது. ஊர்ப் பெயரை முதலில் சொல்லிவிட்டால், அதன்பின் போடும் கணக்கையெல்லாம் அந்த ஊருக்குத் தோதாக வளைக்கத் தொடங்கிவிடுவோம்.

தென்மாவட்டங்களில் பல ஆண்டுகளாகப் போட்டி ஏற்பாட்டு வேலைகளில் இருந்திருக்கிறேன். புதிதாக வருபவர்கள் நல்ல நாளை மனதில் வைத்தே ஊரைப் பார்க்கிறார்கள். மழை கொட்டி, ஒரு அணியின் விமானம் தாமதமாகி, மின்சாரம் போய், ஒரு பையனுக்குப் பல்லும் உடைகிற நாள் ஒன்று எந்தப் போட்டியிலும் வரும். அந்த நாளைத் தாங்குகிற ஊரைத்தான் தேட வேண்டும். கீழே உள்ள படிகளை அதே வரிசையில் செய்யுங்கள்; ஒவ்வொன்றின் விடையும் அடுத்ததற்குத் தேவைப்படும்.

1. ஊர் தேடும் முன் கையில் இருக்க வேண்டியவை

நான்கு விஷயங்கள் எழுத்தில் வேண்டும்: வயது வரம்பு, ஆண்களா பெண்களா இரண்டுமா, அணிகளின் எண்ணிக்கை, செலவுக்குப் பொறுப்பேற்பவர் யார்.

வயது வரம்பு ஊரைப் பாதிக்குமா என்று கேட்பார்கள். பாதிக்கும். ஜூனியர் உலகக் கோப்பை 21 வயதுக்கு உட்பட்டோருக்கானது. அதில் ஆடுபவர்கள் பெரும்பாலும் வளர்ந்தவர்கள். 16, 18 வயதுக்கு உட்பட்டோர் என்றால் எல்லோரும் சிறுவர் சிறுமியர். தங்குமிடம், காவல், உடன் வரும் பெரியவர்களின் எண்ணிக்கை எல்லாமே மாறும்.

அணிகளின் எண்ணிக்கையில் "எட்டு முதல் பன்னிரண்டு வரை" என்று எழுதாதீர்கள். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவே ஒரு மைதானம் கூடுதலாகத் தேவைப்படும். எப்படி என்று அடுத்த படியில் தெரியும்.

2. முதலில் அட்டவணை, அப்புறம் ஊர்

வெள்ளைத்தாளில் மேட்ச் அட்டவணையைப் போடுங்கள். எந்த ஊர் என்று தெரியாமலேயே இதைச் செய்துவிட முடியும்.

எட்டு அணிகள், நான்கு நான்காக இரண்டு பிரிவுகள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு பிரிவில் 6 மேட்ச், இரண்டிலும் சேர்த்து 12. அப்புறம் அரையிறுதி 2, கீழ் இடங்களுக்கான குறுக்கு மேட்ச் 2, கடைசி நாளில் இடங்களைத் தீர்மானிக்க 4. மொத்தம் 20. ஒரு சுற்று என்பது 4 மேட்ச்.

ஒரு மேட்ச்சுக்கு எவ்வளவு நேரம்? 15 நிமிடங்கள் கொண்ட நான்கு கால்பகுதிகள் 60 நிமிடம். முதல், மூன்றாம் பகுதிகளுக்குப் பின் இரண்டிரண்டு நிமிடம், நடுவில் 10 நிமிட இடைவேளை. கடிகாரம் நிற்கும் நேரங்களையும், தவறுக்குத் தண்டனையாக எதிரணிக்குக் கோல் அருகே கிடைக்கும் பெனால்டி கார்னர்களையும் சேர்த்தால் ஒன்றரை மணி நேரத்தை நெருங்கும். அடுத்து தண்ணீர் தெளிக்க வேண்டும், அடுத்த அணிகள் மைதானத்தில் உடலைச் சூடேற்ற வேண்டும். ஆக, ஒரு மேட்ச் தொடங்கி அடுத்தது தொடங்க இரண்டேகால் மணி நேரம் விடுங்கள். சமநிலையில் முடிந்த ஆட்டத்தைத் தீர்க்கும் ஷூட்அவுட் வரக்கூடிய நாட்களில் இரண்டரை மணி நேரம்.

நம் வெயிலில் பதினோரு மணிக்கு மேல் மாலை நான்கு வரை சிறுவர்களை ஆடவைக்கக் கூடாது. காலை 7, 9.15, மாலை 4.30, 6.45 என்று நான்கு மேட்ச் வைக்கலாம். ஒரு மைதானத்தில் ஒரு நாளுக்கு நான்குதான் என்பதை மாற்ற முடியாத எல்லையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இனி நாட்களை அடுக்குங்கள். முதல் நாள், இரண்டாம் நாள் ஆட்டம். மூன்றாம் நாள் ஓய்வு. நான்காம் நாள் மூன்றாவது சுற்று. ஐந்தாம் நாள் ஓய்வு. ஆறாம் நாள் அரையிறுதி. ஏழாம் நாள் இறுதி. எட்டு அணிக்கு ஒரு மைதானம், ஏழு நாள் போதும். அந்த ஓய்வு நாட்களை மிச்சம் பிடிக்கப் பார்க்காதீர்கள். மழை வந்தால் ஆட்டத்தை மாற்றி வைக்க இருக்கிற இடம் அவை மட்டும்தான்.

பன்னிரண்டு அணிகள் வந்தால் ஒரு சுற்றுக்கே 6 மேட்ச். ஒரே மைதானத்தில் ஒரு நாளுக்குள் அடங்காது. இரண்டாவது மேட்ச் மைதானம் வேண்டும், அல்லது போட்டி நாட்கள் நீளும். 2025 ஜூனியர் ஆண்கள் உலகக் கோப்பையில் முதன்முறையாக 24 அணிகள் வந்தன. ஆறு பிரிவுகள்; பிரிவு ஆட்டங்களே 36. நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை 13 நாளில் எல்லாம் முடிய வேண்டும். சென்னை, மதுரை என்று இரண்டு ஊர்களில் ஏன் நடந்தது என்பதற்கு இந்தக் கணக்கே விளக்கம்.

இந்தத் தாளை வைத்துக்கொண்டு ஊர்களைப் பட்டியலிடுங்கள். மைதானக் கணக்குக்கு எட்டாத ஊர்கள் இங்கேயே உதிர்ந்துவிடும். யாரிடமும் போய் ஆசை காட்டிவிட்டுப் பின்வாங்கும் சங்கடம் இருக்காது.

3. தேதியைப் பிடிப்பது

தேதிக்கு மூன்று நாட்காட்டிகள் வேண்டும்: வானிலை, பள்ளிக்கூடம், பஞ்சாங்கம். மூன்றாவதைப் பலரும் பார்ப்பதில்லை.

வானிலையில் தொடங்குவோம். சென்னை போன்ற கடலோர ஊர்களுக்கு அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் 4 அன்று மிக்ஜாம் புயலில் சென்னை விமான நிலையமே மூடப்பட்டது. 2025ல் ஜூனியர் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த அதே நாட்களில் டிட்வா புயல் சென்னைக் கரையோரம் மழையைக் கொண்டுவந்தது. உலகக் கோப்பைக்கு சர்வதேச அட்டவணை தேதியை நிர்ணயிக்கிறது. அழைப்புப் போட்டி நடத்தும் நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பொங்கல் முடிந்து மார்ச் தொடக்கம் வரை தமிழ்நாட்டுக்கு மிக நல்ல காலம். சென்னையில் ஆகஸ்டில் நடத்தலாம். 2023 ஆசிய சாம்பியன்ஸ் கோப்பை அந்த மாதத்தில்தான் எழும்பூரில் நடந்தது. ஆனால் மாலை இடிமழைக்கு நேரம் ஒதுக்கியே அட்டவணை போட வேண்டும்.

பள்ளி நாட்காட்டியைப் பார்ப்பது கூட்டத்துக்காக மட்டும் இல்லை. தன்னார்வலர்கள், பந்து எடுத்துப் போடும் பிள்ளைகள் எல்லோரும் மாணவர்கள். அரையாண்டுத் தேர்வு வாரத்தில் அவர்கள் கிடைக்கமாட்டார்கள்.

பஞ்சாங்கம் எதற்கு? வளர்பிறை முகூர்த்த நாளில் நடுத்தர ஊர்களில் விடுதி அறை கிடைக்காது. பேருந்து, வேன் எதுவும் வாடகைக்கு வராது. ஏழு நாளில் இரண்டு பெரிய முகூர்த்தம் விழுந்தால் வண்டிச் செலவே எகிறிவிடும். மதுரை என்றால் சித்திரைத் திருவிழா நாட்களைக் கனவிலும் தொடாதீர்கள். தேர்தல் வரும் ஆண்டாக இருந்தால் காவலர்கள் கிடைக்கமாட்டார்கள், அரசு மைதானமும் வேறு வேலைக்குப் போகலாம். இரண்டு தேதித் தொகுதிகளை வைத்துக்கொண்டே அடுத்த படிக்குப் போங்கள்.

4. யார் அனுமதி தர வேண்டும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தள்ளிப்போடாதீர்கள். வெளிநாட்டு அணிகள் வரும் போட்டிக்கு மாநில ஹாக்கி அமைப்பு வழியாக ஹாக்கி இந்தியாவுக்குப் போக வேண்டும். அங்கிருந்து சர்வதேச அமைப்பின் ஒப்புதல். மத்திய விளையாட்டு அமைச்சகம், வெளியுறவு, உள்துறை அமைச்சகங்களின் இசைவும் வேண்டும். தமிழ்நாட்டில் பெரும்பாலான டர்ஃப் (செயற்கைப் புல்விரிப்பு) மைதானங்கள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் கையில் இருப்பதால், மைதானத்துக்கு அங்கே தனியாக எழுத வேண்டும்.

பொதுவாக நடக்கும் தவறு, மாவட்ட அளவில் ஒருவர் "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாய்வார்த்தையாகச் சொன்னதை அனுமதியாக எடுத்துக்கொள்வது. அவர் நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார். ஆனால் ஆறு மாதத்தில் அவர் வேறு ஊருக்கு மாற்றலாகியிருப்பார்.

5. மைதானத்தை நேரில் பார்ப்பது

படத்தைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நீல டர்ஃப் படத்தில் எப்போதுமே அழகாக இருக்கும். நேரில் போங்கள், அதுவும் மேட்ச் நடக்கப்போகிற நேரத்தில். மாலை 6.45 மேட்ச் என்றால் அந்த நேரத்தில் மைதானத்தில் நில்லுங்கள்.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: நீள டேப், இரண்டு ஹாக்கிப் பந்து, ஒரு மட்டை, வெள்ளைத் துணி, விளக்கொளியை அளக்கும் லக்ஸ் மீட்டர்.

அளவிலிருந்து தொடங்குங்கள். ஆடுகளம் 91.4 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம். இது எல்லோருக்கும் தெரியும். கோட்டுக்கு வெளியே விடும் ஓட்டப் பரப்பைத்தான் விட்டுவிடுகிறார்கள். அதையும் சேர்த்து 101.4க்கு 63 மீட்டர் தடையில்லாமல் இருக்க வேண்டும். சில இடங்களில் பின்கோட்டுக்கு அப்பால் மூன்றாவது மீட்டரிலேயே சிமென்ட் வாய்க்கால் வந்துவிடும். பந்தைத் துரத்தி முழு வேகத்தில் வரும் பிள்ளையின் கால் அங்கேதான் போய் நிற்கும்.

அப்புறம் முட்டி போட்டு டர்ஃப்பைப் பாருங்கள். தேய்மானம் சீராக இருக்காது. கோல் வாயிலும், கோல் முன் அரைவட்டமாக இருக்கும் 'டி'யின் உச்சியில் பெனால்டி கார்னர் பந்தை நிறுத்தும் இடமும் முதலில் தேயும். விரிப்புகள் சேரும் தையலில் விரல் நுழைகிறதா பாருங்கள். நுழைந்தால் ஷூவின் முனையும் நுழையும். வெள்ளைத் துணியை அழுத்தித் தேயுங்கள். பச்சையாக வந்தால் பாசி, வழுக்கும். உலர்ந்த பின் துணியில் வெள்ளைப் பொடி ஒட்டினால் தண்ணீரில் உப்பு இருக்கிறது.

பந்தைப் பத்து இடங்களில் தோள் உயரத்திலிருந்து போட்டு, எழும்புவதைப் பாருங்கள். ஒரு இடத்தில் நன்றாக எழும்பி, இன்னொரு இடத்தில் பொத்தென்று படுத்தால் அடியில் இருக்கும் திண்டு போய்விட்டது. பராமரிப்பவரிடம் டர்ஃப் எந்த ஆண்டு போட்டது, சர்வதேச ஹாக்கி சம்மேளனச் சான்று எந்தத் தேதி வரை என்று கேளுங்கள். சான்று "இருக்கிறது" என்றால் தாளைக் காட்டச் சொல்லுங்கள். போட்டி நாளில் அது உயிரோடு இருக்குமா என்பதுதான் நமக்கு வேண்டியது.

வடிகாலைச் சோதிக்க மழைக்குக் காத்திருக்க வேண்டாம். ஸ்பிரிங்க்ளரை 20 நிமிடம் விடாமல் ஓட்டச் சொல்லிவிட்டு, நிறுத்திய பின் சுற்றி நடங்கள். ஒரு ஊரில் நாங்கள் இதைச் செய்யாமல் விட்டோம். பார்த்த அன்று மைதானம் கண்ணாடி போல இருந்தது. போட்டியின் மூன்றாம் நாள் அரை மணி நேர மழை. இடது மூலைக் கொடிக்கு அருகே மட்டும் தண்ணீர் வடியவே இல்லை. அங்கே தள்ளிய பந்து சளக்கென்று நின்றுவிடும். இரண்டு பேர் ரப்பர் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளத் தள்ள அது திரும்பி வந்தது. நடுவர்கள் மூன்று முறை வந்து மட்டையால் தட்டிப் பார்த்துவிட்டு ஆட்டத்தை மறுநாளுக்குத் தள்ளினார்கள். ஓய்வு நாள் கைவசம் இருந்ததால் தப்பித்தோம்.

விளக்கு விஷயத்தில் ஒரே ஒரு நுணுக்கம் சொல்கிறேன். நடு மைதானத்தில் மட்டும் ஒளியை அளக்காதீர்கள். நான்கு மூலைகளிலும் இரண்டு கோல் முன்பும் அளந்து எழுதுங்கள். விளக்கு பழைய மெட்டல் ஹேலைடா, எல்இடியா என்றும் கேளுங்கள். மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலும் மெட்டல் ஹேலைடு ஆறி மறுபடி முழுதாக எரியப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். எல்இடி உடனே எரியும். ஜெனரேட்டர் இருக்கிறது என்ற பதில் போதாது. அதைப் போட்டு விளக்கை எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

அறைகளையும் எண்ணுங்கள். ஆடுகிற இரண்டு அணி, காத்திருக்கும் இரண்டு அணி, ஆக நான்கு உடை மாற்றும் அறைகள். நடுவர்களுக்குத் தனி. ஊக்கமருந்துச் சோதனைக்கு உள்ளேயே கழிப்பறை உள்ள அறை ஒன்று. பெண்கள் போட்டி என்றால் கழிப்பறைகளைத் திறந்து, குழாயைத் திருகிப் பாருங்கள். இதைக் கேட்க யாரும் கூச்சப்படக் கூடாது.

6. தண்ணீர்க் கணக்கு

தண்ணீர் தெளித்து ஆடும் டர்ஃப்பில் தண்ணீர்தான் ஆட்டத்தின் வேகம். காய்ந்த டர்ஃப்பில் பந்து தடுமாறும், விழுந்தால் தோல் உரியும்.

கணக்கு எளிது. 101.4க்கு 63 என்றால் ஏறக்குறைய 6,400 சதுர மீட்டர். ஒரு மில்லிமீட்டர் தண்ணீருக்கு 6,400 லிட்டர். மூன்று மில்லிமீட்டர் நன்றாக நனைக்க 19,000 லிட்டருக்கு மேல். மேட்ச்சுக்கு முன் ஒரு முழு நனைப்பு, இடைவேளையில் லேசாக ஒன்று, இப்படி நான்கு மேட்ச் என்றால் ஒரு நாளுக்கு ஒரு லட்சம் லிட்டரை ஒட்டிப் போகும். பயிற்சிக்குத் தெளிப்பது தனி. புதிய வகை டர்ஃப்களுக்கு இவ்வளவு தேவைப்படாது. 2023ல் எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் போட்டது பாரிஸ் ஒலிம்பிக்குக்குத் தேர்வான அதே வகை. குறைந்த தண்ணீரில் ஆட உருவாக்கப்பட்டது. ஊர்களை ஒப்பிடும்போது டர்ஃப்பின் வகையைக் கட்டாயம் எழுதிக்கொள்ளுங்கள்.

மைதானத்தின் தொட்டி எத்தனை லிட்டர், அது காலியானால் நிரம்ப எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். போர்வெல் மெதுவாக ஊறும் இடத்தில் காலை இரண்டு மேட்ச் நன்றாக நடக்கும், மாலையில் ஸ்பிரிங்க்ளர் மூச்சு வாங்கும். லாரித் தண்ணீர் வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். 12,000 லிட்டர் லாரி வந்து, குழாய் மாட்டி, தொட்டியில் இறக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை கடிகாரம் வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் நம்புங்கள்.

இன்னொன்றும் உண்டு. குடிதண்ணீருக்கு மக்கள் குடத்தோடு நிற்கும் மாதத்தில், ஊர்த் தண்ணீரை மைதானத்தில் தெளிக்கக் கூடாது. அது அந்த ஊருக்கு நாம் செய்யும் அநியாயம். அந்த நிலை வரும் மாதங்களில் அந்த ஊரைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதுதான் சரி.

7. பயிற்சிக்கு இன்னொரு டர்ஃப்

எட்டு அணிகளும் நாளுக்கு ஒரு மணி நேரம் பயிற்சி கேட்கும். எட்டு மணி நேரம். நான்கு மேட்ச் நடக்கும் மைதானத்தில் அதற்கு இடமே இல்லை. அதனால் இரண்டாவது டர்ஃப் ஒன்று அரை மணி நேரத் தொலைவுக்குள் இருக்க வேண்டும். அதே வகை டர்ஃப்பாக இருந்தால் நல்லது. மணல் நிரப்பிய டர்ஃப்பில் பழகிவிட்டுத் தண்ணீர் டர்ஃப்பில் ஆடும் பிள்ளைக்குப் பந்தின் வேகம் பிடிபடாது.

நம் சிறு நகரங்கள் பெரும்பாலும் இந்தப் படியில்தான் நின்றுவிடுகின்றன. கோவில்பட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். ஹாக்கி தெரிந்த கூட்டம் அங்கே தானாக வந்து உட்காரும். கோலுக்கு மட்டுமல்ல, பந்தை நன்றாக நிறுத்தினாலும் கை தட்டுகிற ஊர் அது. 2022ல் தேசிய ஜூனியர் ஆண்கள் போட்டி அங்கே நடந்தது. இருந்தும், எட்டு வெளிநாட்டு அணி என்றால் பயிற்சி டர்ஃப், அறைகள் இரண்டையும் முதலில் எண்ண வேண்டும். ஆறு அணியாகக் குறைத்தால் அதே ஊர் அருமையாகப் பொருந்தும். அணி எண்ணிக்கையை முதல் படியிலேயே உறுதி செய்யச் சொன்னது இதற்காகத்தான்.

8. படுக்கை, சாப்பாடு

ஒரு அணிக்கு 18 ஆட்டக்காரர்கள், ஆறு அலுவலர்கள் என்று வைத்தால் 24. எட்டு அணிக்கு 192. நடுவர்கள், தொழில்நுட்ப அலுவலர்கள் 25 பேர். ஏறக்குறைய 220 படுக்கை. இருவருக்கு ஓர் அறை என்றால் 110 அறை.

எல்லா அறையும் ஒரே தரத்தில் இருக்க வேண்டும். ஒரு அணிக்கு நீச்சல் குளம் உள்ள விடுதி, இன்னொரு அணிக்குப் பேருந்து நிலையத்துக்கு எதிரே லாட்ஜ் என்று கொடுத்தால் முதல் நாளே மனக்கசப்பு வரும், அது நியாயமும்கூட. நடுவர்களை அணிகள் தங்கும் விடுதியில் போடாதீர்கள். தோற்ற அணியும் விசில் ஊதியவரும் மறுநாள் காலை ஒரே இட்லித் தட்டுக்கு முன் நிற்கக் கூடாது.

சாப்பாட்டில் நம் ஆட்கள் செய்யும் தவறு விருந்து வைப்பது. வருபவர்களுக்கு வேண்டியது காரமில்லாத சோறு, பாஸ்தா, முட்டை, அவித்த கோழி, வாழைப்பழம், மூடியுள்ள பாட்டில் தண்ணீர். ஹலால் தேவை உண்டா, கடலை ஒவ்வாமை உண்டா என்று முன்பே எழுதி வாங்குங்கள். மதுரைச் சாப்பாட்டை எல்லோரும் ருசிக்கட்டும், இறுதி ஆட்டம் முடிந்த இரவில்.

9. சாலையை ஓட்டிப் பார்ப்பது

விடுதியிலிருந்து மைதானத்துக்கு நீங்களே ஒரு வேனில், மேட்ச் நாளின் அதே கிழமையில், அதே நேரத்தில் போய்ப் பாருங்கள். செல்பேசி வரைபடம் "18 நிமிடம்" என்று காட்டும். ரயில்வே கேட் மூடியிருப்பதை அது எப்போதும் சொல்லாது.

எங்கள் பெண்கள் போட்டி ஒன்றில் அப்படித்தான் ஆனது. நான்கு கிலோமீட்டர்தான் தூரம். கேட்டில் ஒரு சரக்கு ரயில், அதன்பின் ஒரு எக்ஸ்பிரஸ். பிள்ளைகள் பேருந்துக்குள்ளேயே முட்டிப் பட்டையும் ஷின் கார்டும் கட்டிக்கொண்டார்கள். மைதானத்துக்கு வந்தபோது ஆட்டத்துக்கு 20 நிமிடம் இருந்தது. கோல் கீப்பர் பேடு கட்டி முடிப்பதற்குள் தேசிய கீதத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். அந்த ஆட்டத்தின் முதல் கோல் அவர்கள் மீது விழுந்தபோது எனக்குத்தான் வலித்தது. அதிலிருந்து, கேட் இல்லாத பாதை ஒன்றாவது இருந்தால்தான் விடுதியை ஒப்புக்கொள்கிறேன்.

10. விமானமும் விசாவும்

பன்னாட்டு விமான நிலையம் இருக்கிறதா என்பதோடு நிறுத்தாதீர்கள். எந்த அளவு விமானம் வருகிறது என்று பாருங்கள். ஹாக்கி அணியின் மூட்டை பெரியது. மட்டைப் பைகள் நீளமானவை. கோல் கீப்பரின் பேடு, கிக்கர், ஹெல்மெட் எல்லாம் சேர்ந்து ஒரு சின்ன அலமாரி அளவு வரும். சென்னையிலிருந்து உள்ளூர் ஊர்களுக்குப் பறக்கும் சிறிய ஏடிஆர் விமானத்தில் அவை அத்தனையும் ஒரே தடவையில் ஏறாமல் போகலாம். கோல் கீப்பர் வந்து சேர்ந்து, அவருடைய பை மறுநாள் மதியம் வந்த கதையைப் பார்த்திருக்கிறேன். அதனால் மூட்டைகளைத் தனியாக லாரியில் கொண்டுவரும் வழியையும் கணக்கில் வையுங்கள்.

விசா ஊரைப் பொறுத்ததல்ல, நாட்டைப் பொறுத்தது. ஆனால் அது அட்டவணையை உடைக்கும். 2016ல் லக்னோவில் நடந்த ஜூனியர் உலகக் கோப்பைக்குப் பாகிஸ்தான் வராமல் மலேசியா சேர்க்கப்பட்டது. 2025ல் பாகிஸ்தான் விலகி ஓமன் வந்தது. ஆக, மாற்று அணி ஒன்றை முன்பே பேசி வைப்பதும், அவர்கள் குறுகிய அவகாசத்தில் வந்து சேரக்கூடிய விமான வசதி ஊருக்கு இருக்கிறதா என்று பார்ப்பதும் தேர்வின் பகுதிதான்.

11. மருத்துவமும் சிறார் பாதுகாப்பும்

ஹாக்கியில் அடிபடுவது பெரும்பாலும் விரல், முகம், பல், தலை. ஆகவே சி.டி. ஸ்கேன் 24 மணி நேரமும் இயங்கும் மருத்துவமனை 15 நிமிடத்துக்குள் வேண்டும். பல் மருத்துவர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையும் வருவாரா என்று கேட்டு வையுங்கள்.

ஆம்புலன்ஸ் ஒன்று போதாது. அது ஒருவரை ஏற்றிக்கொண்டு போய்விட்டால், அடுத்தது வரும்வரை ஆட்டத்தை நிறுத்த வேண்டும். இரண்டு வைத்தால் அந்தச் சிக்கல் இல்லை. டர்ஃப் ஓரம் வரை ஆம்புலன்ஸ் வர வழி இருக்கிறதா, நடுவில் பூட்டிய கேட் இருந்தால் சாவி யாரிடம் என்றும் பாருங்கள்.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் வந்தால், விடுதியில் அவர்களுக்குத் தனித் தளம், இரவுக் காவல், பெண்கள் அணிக்குப் பெண் பொறுப்பாளர்கள் இவை பேரத்துக்கு உட்பட்டவை அல்ல. போக்சோ சட்டம் தெரிந்த ஒருவரைப் புகார் கேட்கும் பொறுப்பில் அமர்த்தி, அவருடைய எண்ணை ஒவ்வொரு அணிக்கும் முதல் நாளே கொடுங்கள். இதற்குத் தளம் ஒதுக்க மறுக்கும் விடுதி எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம்.

12. ஒரு ஊரா, இரண்டு ஊரா

இரண்டு ஊர் என்றால் கூட்டம் இரட்டிப்பாகும் என்பது உண்மைதான். செலவும் இரட்டிப்பாகும் என்பதை மறந்துவிடுகிறோம். தொழில்நுட்ப மேசை, மருத்துவர், நடுவர் குழு, நேரலைக் கருவி எல்லாமே இரண்டு.

அதைவிட, அணிகள் இடம் மாறும் நாளைத்தான் கவனிக்க வேண்டும். 2025ல் இந்திய அணியே சென்னையிலும் மதுரையிலும் ஆடியது. ஜெர்மனியும் ஸ்பெயினும் மோதிய இறுதி ஆட்டம் சென்னையில். இரண்டு ஊருக்கும் நடுவே ஏறக்குறைய 460 கிலோமீட்டர். வேகமான ரயிலிலும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் உட்கார வேண்டும். பயண நாளை ஓய்வு நாள் என்று அட்டவணையில் எழுதினால் அது பொய்க் கணக்கு. உங்கள் தாளில் பயணத்துக்கு ஒன்று, ஓய்வுக்கு ஒன்று என்று இரண்டு நாளும் தனித்தனியாக இருந்தால் இரண்டு ஊர் வைக்கலாம். எட்டு அணிக்கு அது தேவையே இல்லை.

13. ஒப்பிட்டு முடிவெடுப்பது

மதிப்பெண் போட்டுக் கூட்டுவதுதான் வழக்கம். அதில் ஒரு ஓட்டை இருக்கிறது. வடிகால் சரியில்லாத ஊர், நல்ல விடுதிக்கும் நல்ல கூட்டத்துக்கும் வாங்கிய மதிப்பெண்ணால் முதலிடம் வந்துவிடும். மழை வந்தால் அந்த மதிப்பெண் தண்ணீரைத் துடைக்காது.

அதனால் முதலில் கழித்துக் கட்டுங்கள். சான்றுள்ள டர்ஃப், வடிகால், ஒரு நாள் முழுவதற்கும் தண்ணீர், பயிற்சி டர்ஃப், ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை, சிறாருக்குத் தனித் தளம்: இந்த ஆறில் ஒன்று இல்லையென்றாலும் ஊர் வெளியே. மிஞ்சிய ஊர்களுக்கு மட்டும் பயண வசதி, செலவு, கூட்டம், உள்ளூர்ச் சங்கத்தின் உழைப்பு என்று மதிப்பெண் போடுங்கள். என் அனுபவத்தில் கடைசி இரண்டுக்குத்தான் அதிக மதிப்பெண் தர வேண்டும். காலை ஐந்தரைக்கு மைதானக் கதவைத் திறந்துவைத்து நிற்கிற ஒரு செயலாளர் உள்ள ஊரை நான் விடமாட்டேன்.

பார்வையிட இருவராகப் போங்கள். அதில் ஒருவர் அந்த ஊர்க்காரராக இருக்கக் கூடாது. குறிப்புகளை அன்றிரவே தனித்தனியாக எழுதி, அப்புறம் ஒப்பிடுங்கள்.

14. கடிதத்தில் எழுத வேண்டியவை, மாற்று ஊர்

முடிவானதும் மைதான உரிமையாளரிடமிருந்து வாங்கும் கடிதத்தில் இவை தேதியோடு இருக்க வேண்டும்: மைதானம் போட்டிக்கு மூன்று நாள் முன்பிருந்து நம் கையில் என்பது, அந்த நாட்களில் வேறு நிகழ்ச்சிக்கு விடுவதில்லை என்பது, தண்ணீர், ஜெனரேட்டர் டீசல் செலவு யாருடையது என்பது, டர்ஃப் பழுதை எந்தத் தேதிக்குள் சரிசெய்து தருவார்கள் என்பது. இந்த டீசலை எழுதாமல் விட்டு, போட்டி முடிந்த மறுநாள் மாலை வரை மல்லுக்கட்டியவர்களை எனக்குத் தெரியும்.

இரண்டாம் இடம் வந்த ஊரிடம் "கிடைக்கவில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். மாற்று ஊராக இருக்கச் சம்மதமா என்று கேளுங்கள். 2021 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் போட்செஃப்ஸ்ட்ரூமில் நடக்க வேண்டிய பெண்கள் ஜூனியர் உலகக் கோப்பை, ஒமிக்ரான் பரவலால் நின்று, அதே ஊரில் 2022 ஏப்ரலில்தான் நடந்தது. உலகக் கோப்பையால் நான்கு மாதம் காத்திருக்க முடியும். அழைப்புப் போட்டிக்கு வாங்கிய விமானச் சீட்டுகள் காத்திருக்காது.

எந்தத் தேதி வரை மாற்று ஊருக்குப் போக முடியும் என்பதை எண்ணி வையுங்கள். விடுதி முன்பணம் திரும்பாமல் போகும் நாளும், அணிகள் விமானச் சீட்டை மாற்றக்கூடிய கடைசி நாளும் எவை என்று பார்த்து, எது முன்னால் வருகிறதோ அதற்கு ஒரு வாரம் முன்பாக ஒரு தேதியைக் குறியுங்கள். அன்று காலை முதல் ஊரின் மைதானத்துக்கு மறுபடி போய், ஸ்பிரிங்க்ளரை 20 நிமிடம் ஓட்டி, நான்கு மூலைகளிலும் நின்று பாருங்கள். தண்ணீர் வடிந்தால் அணிகளுக்கு உறுதிக் கடிதத்தை அன்று மாலையே அனுப்பிவிடலாம்.